அரங்கேறும் இளங்கலைஞர் கற்க வேண்டுவன

(நம் சங்கத்தின் சிறுவர் நாடகப் பயிற்சித் தொடக்க நாளன்று ஆற்றிய சொற்பொழிவு)



தலைநகரில் வாழும் தமிழராகிய நாம் ஆண்டுதோறும் சங்கத்துக்கு விழா எடுக்கிறோம். அவ்விழாவிலே இசை உண்டு, நடனம் உண்டு, பட்டிமன்றம் உண்டு, இறுதியில் சிறுவர் நாடகமும் உண்டு. இசைக்கு ஆசிரியரை அமர்த்தி ஆண்டு முழுவதும் கற்பிக்கிறோம். நடனத்திற்கும் அவ்வாறே செய்கிறோம். நாடகத்திற்கு மட்டும், விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காலனியிலுள்ள பிள்ளைகளைக் கூட்டி, வசனத் தாளைக் கையில் கொடுத்து, நெட்டுருச் செய்யச் சொல்லி, மீசை ஒட்டி மேடையேற்றி விடுகிறோம். முத்தமிழுள் ஒன்று நாடகம் என்று மேடைதோறும் முழங்கும் நாம் அதற்கு நம் இல்லங்களில் அளித்துள்ள இடம் இவ்வளவே.

இதனால் விளைந்த ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுவது நம் கடமை. சென்ற ஆண்டு விழாவில் மனுநீதிச் சோழன் நாடகம் நடந்தது. அரசனாக நடித்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே வசனம் முழுவதையும் நாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். அவனும் பிழையின்றி மனப்பாடம் செய்திருந்தான். ஆயினும், தேர்க்காலில் கன்றை இழந்த பசுவின் முன் நின்று அரசன் பேசும் இடத்தில், அவனுக்குச் சொல் மறந்துவிட்டது. திரைக்குப் பின்னிருந்து எடுத்துக் கொடுத்தவரின் குரல் அவன் செவிக்கு எட்டவில்லை. சிறிது நேரம் விழித்தான். பின்னர், தன் மகனாயினும் நீதிக்கு விலக்கில்லை என்னும் கருத்தை இந்தியிலே கூறி முடித்தான்.

அவை முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். அச்சிரிப்பில் வன்மம் இல்லை என்பது உண்மையே. ஆனால் அவன் உள்ளே சென்று, உடைப்பெட்டிகளின் நடுவே, கிரீடத்தைக் கழற்றாமலே அமர்ந்து அழுதான். இவ்வாண்டு நடிக்க விரும்புவோர் பெயரைக் குறித்தபோது அவன் பெயர் கொடுக்கவில்லை. காரணம் கேட்டோம். "கதை எனக்குத் தெரியும், அந்தச் சொற்கள்தாம் எனக்குத் தெரியாது" என்றான்.

அன்பர்களே! அவன் கூறிய விடையைப் பல நாள் நினைந்து பார்த்தோம். அன்று மேடையிலே தவறியவன் அச்சிறுவன் அல்லன். பொருள் அறியாச் சொற்களை அவன் வாயில் இட்ட நாமே தவறினோம். அவனோ, சொல் கைவிட்டபோதும் காட்சியைக் கைவிடாது முடித்தான். நடிகனுக்கு வேண்டிய முதற்பண்பு அவனிடம் இருந்தது. அதனைக் காணும் கண் நமக்கு இல்லாது போயிற்று. ஆதலின், மேடையேறும் ஓர் இளங்கலைஞர் எவ்வெவற்றைக் கற்க வேண்டும், நம் முன்னோர் எவ்வாறு கற்றனர், வேற்றுமொழி வழங்கும் இந்நகரில் நாம் எவ்வாறு கற்பிக்கலாம் என்பவற்றை இன்று சிந்திப்போம்.

மாதவி பெற்ற பயிற்சி

தமிழில் ஓர் இளங்கலைஞரின் பயிற்சியை விரிவாகக் கூறும் பழைய நூல் சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியை உடனே மேடைக்குக் கொண்டு வந்துவிடவில்லை. ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அவள் அரங்கேறினாள் என்கிறார். அவளை உருவாக்கிய ஆசிரியர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, அவர்தம் தகுதியைக் கூறுகிறார். ஆடலாசான், இசையாசான், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை ஆசான், குழலாசான், யாழாசான் என அறுவரைக் காண்கிறோம். அதன்பின் மேடையின் அளவு வருகிறது. எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். அடுத்து மூவகைத் திரைகள்; அவற்றுள் ஒன்று மேலிருந்து மறைந்து இறங்கி வருவது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தே விழாதவாறு விளக்கு அமைத்த செய்தியும் உண்டு.

ஆடுபவள் ஒருத்தி, அவளுக்குத் திரையும் விளக்கும் அளவுகோலும் எதற்கு என்று கேட்கலாம். கலை என்பது ஒருவர் தனித்து நின்று செய்வதன்று. பலர் கூடிச் செய்வது என்பதையே அடிகள் இவ்வாறு உணர்த்துகிறார் என்று நாம் கொள்கிறோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கடலாடு காதையில் மாதவி பதினோராடல்களை நிகழ்த்துகிறாள். கொடுகொட்டியில் சிவபெருமானாக ஆடியவளே, மரக்கால்மேல் ஏறிக் கொற்றவையாக ஆடுகிறாள். கடையத்தில் இந்திராணி பூண்ட உழத்தி வேடத்தையும் தான் பூணுகிறாள். கடவுளும் உழத்தியும் ஒருத்தியின் உடலிலேயே வந்து செல்கின்றனர். ஒன்றே கற்று அதிலேயே நின்றுவிடுதல் கலைஞர்க்கு அழகன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாலர் சபையில் ஒரு சிறுவர்

இனி நம் காலத்துக்கு அணித்தான வரலாற்றுக்கு வருவோம். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். இளமையில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களைப் புனைந்து காண்போரை நடுங்கச் செய்தவர். பின்னர் நாடகாசிரியராக விளங்கியவர். வயது வந்த நடிகர்களைக் கட்டுக்குள் வைப்பது எளிதாக இல்லை. எழுதியது ஒன்றிருக்க, மேடையிலே தம் மனம் போனவாறு பேசுவோர் அக்காலத்தில் மிகுதி. எனவே சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் முறை பரவியது. 1918-ஆம் ஆண்டில் மதுரையில் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. அச்சபையில் தம் தமையன்மாருடன் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவரே பின்னாளில் ஒளவை சண்முகம் என நாடு போற்றிய தி. க. சண்முகம். தாம் கற்றவற்றையெல்லாம் அவர் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் விரிவாக எழுதி வைத்திருப்பது நம் நற்பேறு.

சுவாமிகளிடம் சிறுவர் முதலில் கற்றது பாட்டு. அந்நாளைய நாடகம் பாட்டால் நடந்தது. வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் கதையை நடத்திச் செல்லும். வசனம் அவற்றை இணைக்கும் கயிறு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். ஆகவே மூச்சை அடக்கவும், சொல்லைப் பிரித்து உச்சரிக்கவும், ஆர்மோனியத்தின் சுருதியை விட்டு விலகாதிருக்கவும் பிள்ளைகள் பழகினர். சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் வியந்து பேசும் செய்தி. அந்தச் சிறுவரின் குரல் எங்கே நிற்கும், எங்கே ஏறும் என்பதை அறிந்த ஆசிரியர், அவ்வளவுக்கு ஏற்பச் சட்டை தைத்தது போலப் பாட்டைத் தைத்தார் எனலாம்.

1922-ஆம் ஆண்டில் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். அவருக்குப் பின்னர் அச்சிறுவர்க்கு ஆசிரியராக வாய்த்தவர் எம். கந்தசாமி முதலியார். அவர் கொணர்ந்ததோ முற்றிலும் வேறு வகை நாடகம். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கதைகளாகிய இராஜாம்பாள், இராஜேந்திரா, சந்திரகாந்தா ஆகியவை மேடைக்கு வந்தன. கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த பிள்ளைகள் சட்டையும் கோட்டும் அணிந்து வக்கீலாகவும் காவல் அதிகாரியாகவும் நின்றனர். பாடிப் பழகிய வாய் பேசக் கற்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பாட்டில் துயரத்தை இராகம் தாங்கிக்கொள்ளும். நடிகர் அதன்மேல் ஏறிச் சென்றால் போதும். வசனத்திலோ அத்துணை இல்லை. எங்கே நிறுத்துவது, எங்கே தாழ்த்துவது, எதிரே நிற்பவர் பேசும்போது தான் என்ன செய்வது என்பவற்றை நடிகரே முடிவு செய்தாக வேண்டும். பாடுவதற்கு முகத்தை அவையின் பக்கம் திருப்பி நின்றவர், பேசுவதற்கு உடன் நடிப்பவரின் கண்ணை நோக்க வேண்டும். சண்முகமும் அவர் சகோதரரும் இரண்டையும் கற்றனர். அதனால்தான் 1925-இல் திருவனந்தபுரத்தில் தாமே தொடங்கிய சபையைக் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்களால் நடத்த முடிந்தது. புராணம் கேட்டவர்க்குப் புராணமும், சமூகக் கதை கேட்டவர்க்குச் சமூகக் கதையும் அவர்களிடம் இருந்தன. முப்பது வயதை எட்டிய ஆண்மகனார், முதுமூதாட்டியாகிய ஒளவையாக நடித்து அப்பெயரையே தம் பெயராகப் பெற்றார் எனின், அது ஒரு நாளில் வந்த வித்தையன்று. ஆறு வயதில் தொடங்கிய பல்வகைப் பயிற்சியின் விளைவு அது.

ஆயினும், அன்பர்களே, பாலர் சபைகளின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. பெற்றோரைப் பிரிந்து கம்பெனி வீட்டில் வாழ்ந்த பிள்ளைகள் அவர்கள். இரவெல்லாம் நாடகம், பகலில் பாடம். அடி வாங்காது கற்றவர் அரியர். பள்ளிக்கூடத்தை அவர்களுள் பலர் அறியார். இவை அனைத்தினும் கொடியது ஒன்று உண்டு. சிறுவன் வளர வளர ஒருநாள் அவன் குரல் உடையும். அதனை நாடகக்காரர் மகரக்கட்டு என்பர். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டில் புகழ் பெற்றிருந்த பிள்ளை, குரல் உடைந்த மறுநாள் வேடமின்றித் திரைக்குப் பின்னே நிற்பான். சிலர்க்குக் குரல் மீண்டது. அவர் இராஜபார்ட் ஆயினர். பலர்க்கு மீளவில்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் பாலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. அவர்களை நாம் அறிவோம். அவர்களோடு ஒரே பாயில் உறங்கிய மற்றப் பிள்ளைகளின் பெயர்களை நாம் அறியோம்.

எனவே பாலர் சபையிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது அதன் பயிற்சியின் பரப்பை. தள்ள வேண்டுவது அதன் கொடுமையை.

பிறமொழி நாடகம் தந்த தமிழ் நாடகம்

மற்றொரு வழியும் நம்மிடம் இருந்தது. 1891-ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களுடன் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இன்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவர் சிலரின் வயதுதான். தமிழ் நாடகத்தின்மேல் அவருக்கு இளமையில் மதிப்பில்லை. அம்மனநிலையை மாற்றியது எது தெரியுமோ? பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாசார்லு குழுவினர் ஆடிய தெலுங்கு நாடகம். அதனைக் கண்ட பின்னரே, இத்தகைய நாடகம் தமிழில் ஏன் இருத்தலாகாது என்னும் எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது.

இச்செய்தியை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். தமிழில் உரைநடை நாடகத்துக்குத் தந்தை எனப் போற்றப்படுபவருக்கு நாடக ஆர்வத்தை ஊட்டியது பிறமொழி நாடகம் ஒன்று! அவர் தெலுங்கு நாடகத்தைப் பார்த்துத் தெலுங்கராகிவிடவில்லை. தமிழுக்கு மனோகராவைத் தந்தார். அவர் சபையிலும் தமிழோடு தெலுங்கு முதலிய பிறமொழி நாடகங்களுக்கும் இடம் இருந்தது. வழக்கறிஞரும் அரசு அலுவலரும் பகலில் தம் பணியை ஆற்றி, மாலையில் ஒத்திகை பார்த்து, நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாமலே அதற்கு மதிப்பைத் தேடித் தந்தனர். அலுவலகம் முடிந்து வந்து ஒத்திகை நடத்தும் நம் போன்ற சங்கத்தார்க்கெல்லாம் அவர்களே முன்னோடிகள்.

நம் பிள்ளைகள் இந்நகரில் பிறமொழி நடுவே வளர்கிறார்களே என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். நாடகத்தைப் பொறுத்தவரை அது குறையன்று, செல்வம். புரட்டாசி வந்துவிட்டால் இந்நகரின் பேட்டைதோறும் ராம்லீலா நடக்கிறது. அனுமன் கூட்டத்தின் நடுவே ஓடிவர, இராவணன் உரக்கச் சிரிக்க, பத்து நாள் கதையைப் பல்லாயிரம் பேர் திறந்தவெளியில் காண்கின்றனர். வங்காளியர் வாழும் பகுதியிலே துர்க்கா பூசைப் பந்தலில் நாடகம் நடக்கிறது. மண்டி ஹவுஸ் பகுதியில், சங்கீத நாடக அகாதெமி 1959-இல் தோற்றுவித்த தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே நாடகம் நடத்தும் கல்விவழிக் குழு ஒன்றையும் 1989-இல் அப்பள்ளி தொடங்கியது. நான்குநேரியில் பிறந்த சே. இராமானுஜம் இப்பள்ளியிலே பயின்று தமிழகம் திரும்பி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்து, தமிழில் சிறுவர் நாடகத்துக்கும் உழைத்தார். நாம் பேருந்தில் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு கட்டடத்திலிருந்து தமிழ் நாடகத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். ஆனால் நம்முள் எத்தனை பேர் பிள்ளைகளை அவ்வாயிலுக்குள் அழைத்துச் சென்றிருக்கிறோம்?

கூத்தும் பள்ளியும்

நகர மேடையை மட்டுமே கண்ட பிள்ளைக்குத் தெருக்கூத்து வியப்பளிக்கும். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இரவு முழுவதும் பாரதக் கதை நடக்கும். மரத்தாலான தோட்கட்டைகளும் கிரீடமும் பூண்ட கூத்தர், இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னே நின்று முதலில் பாடுவார். குரல் வரும், ஆள் தெரியார். பின்னர் சிறிது சிறிதாக வெளிப்பட்டுத் தாம் இன்னார் எனக் கூறுவார். கட்டியக்காரன் கேள்வி கேட்பான், கேலி செய்வான், அரசனின் அவையிலிருந்தபடியே ஊர்ச் செய்தியையும் பேசுவான். பக்கவாட்டில் மிருதங்கமும் முகவீணையும் பின்பாட்டுக்காரரும் விடியும் வரை உடனிருப்பர். மேடை இல்லை, காட்சித் திரைகள் இல்லை. வட்டமாக அமர்ந்த மக்களின் நடுவே தரைதான் அரண்மனை, அத்தரையே குருக்ஷேத்திரம். ந. முத்துசாமி, புரிசை கூத்தரின் ஆட்டத்தைக் கண்டு வியந்து, இதுவன்றோ நம் நாடகம் எனத் தெளிந்தார். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவினார்.

பாலர் சபையின் கொடுமையை நீக்கி அதன் நன்மையைக் கொள்ள இயலுமோ என வினவுவோர்க்கும் கூத்துலகில் விடை உண்டு. பெ. இராஜகோபால் என்னும் கூத்துக் கலைஞர், தம் சிறுவயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். தாம் இழந்ததை அடுத்த தலைமுறை இழத்தலாகாது என்று கருதினார் போலும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒருங்கே கற்றனர். ஆடவரே ஆடிவந்த அக்கலையில் சிறுமியரும் பயிற்சி பெற்றனர். 2020-இல் அக்குருகுலம் மூடப்பட்டதாயினும், கல்வியை விலையாகக் கொடுத்துத்தான் கலையைப் பெறவேண்டும் என்பதில்லை என அது பதினெட்டு ஆண்டுகள் மெய்ப்பித்துக் காட்டியது.

சொந்தச் சொல்லின் வலிமை

இறுதியாக, இந்நகரோடு தொடர்புடைய பெரியார் ஒருவரைப் பற்றிக் கூறி அமைவோம். ராய்ப்பூரில் 1923-ஆம் ஆண்டு பிறந்த ஹபீப் தன்வீர், 1954-இல் ஓக்லா வட்டாரத்து மக்களையும் ஜாமியா மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆக்ரா பஜார் என்னும் நாடகத்தை இத்தில்லியில் நடத்தினார். அதன்பின் லண்டன் சென்று அங்குள்ள புகழ்பெற்ற நாடகப் பள்ளியில் பயின்றார். திரும்பி வந்து, தம் சொந்த மாநிலத்துச் சத்தீஸ்கரி நாட்டுப்புறக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பணியாற்றினார். தொடக்கத்தில் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. ஊரில் பல்லாயிரம் பேரை இரவு முழுவதும் கட்டிப்போட்ட கலைஞர்கள், அவர் மேடையிலே தடுமாறினர். காரணத்தை அவர் மெல்ல மெல்லக் கண்டார். எழுத்தறியாத அவர்களிடம் இந்தி வசனத்தைத் திணித்து, இங்கே நில், அங்கே திரும்பு என்று கட்டளையிட்டதே பிழை எனத் தெளிந்தார். அவர்தம் சத்தீஸ்கரியிலேயே பேசவும், தாமே வழி கண்டு நடிக்கவும் விட்டார். 1975-இல் சரண்தாஸ் சோர் பிறந்தது. 1982-இல் எடின்பரோ விழாவில் பரிசு பெற்றது.

இதனைப் படித்தபோது நம் நெஞ்சில் தோன்றியவன் நம் மனுநீதிச் சோழனே. அவனுடைய நிலை சற்று மாறுபட்டது. சத்தீஸ்கரிக் கலைஞர்க்குச் சொந்தமொழி நாவில் இருந்தது, அதனைத் தடுத்தனர். நம் பிள்ளைக்கோ சொந்தமொழி பாதி நாவில் இருக்கிறது. மீதியை நாம் ஊட்டவில்லை. ஆனால் உண்மை ஒன்றே. தனதாகாத சொல்லை எந்த நடிகராலும் மேடையில் சுமக்க இயலாது. சண்முகத்துக்குப் பாட்டும் வசனமும் பயன்பட்டன எனின், அவை அவருக்குச் சொந்தமாகும் வரை ஆசிரியர்கள் விடாது கற்பித்தனர் என்பதே காரணம்.

நாம் செய்ய வேண்டுவன

ஆதலின் இவ்வாண்டுப் பயிற்சியை மாற்றியமைக்க எண்ணியுள்ளோம். பெற்றோர்களின் ஒத்துழைப்பை வேண்டுகிறோம்.

முதலாவது, வசனத் தாள் முதல் நாளே கொடுக்கப்பட மாட்டாது. முதலில் கதை. பிள்ளை அக்கதையைத் தனக்குத் தெரிந்த தமிழில், வீட்டிலே அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசும் தமிழிலே, சொல்லட்டும். தெரியாத சொல்லை நாம் எடுத்துக் கொடுப்போம். எழுதிய வசனத்துக்கு அதன்பின் வருவோம். நாகரி எழுத்தில் எழுதிக் கொடுப்பதையும் இவ்வாண்டோடு நிறுத்துவோம். நாடகத்துக்காகவேனும் அவர்கள் தமிழ் எழுத்தைக் கற்கட்டும். உயிரும் மெய்யும் கற்பிக்க ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போதுமானது.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளையும் ஒரே காட்சியை இருவகையில் செய்து பார்க்கட்டும். ஒருமுறை பாட்டாக, ஒருமுறை பேச்சாக. ஒருமுறை கூத்தர் போலத் தன்னை அறிவித்துக்கொண்டு வரட்டும். ஒருமுறை அறைக்குள் நுழைவது போல அமைதியாக வரட்டும். எது தன் உடலுக்குப் பொருந்துகிறது என்பதை அப்போதுதான் அவர்கள் உணர்வர்.

மூன்றாவது, பார்த்தல். ராம்லீலாவுக்கும், நாடகப் பள்ளியின் சிறுவர் நாடகத்துக்கும், வங்காளியர் பந்தலுக்கும் நாம் குழுவாகச் செல்வோம். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர், வட ஆர்க்காட்டுப் பக்கம் கூத்து நடக்குமாயின் ஓரிரவேனும் பிள்ளைகளை அங்கே அமர்த்துக.

நான்காவது, திரைக்குப் பின்னே வேலை. ஒவ்வொரு நடிகரும் ஒரு நாடகத்திலேனும் படுதா இழுக்க வேண்டும்; உடைகளை எண்ணி வைக்க வேண்டும்; வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அரிதாரம் பூசவும் கலைக்கவும் கற்க வேண்டும். தனக்கு விளக்குப் பிடிப்பவரின் கை வலியை அறியாதவர் நல்ல நடிகராக இயலாது.

ஐந்தாவது நமக்குரியது. மேடையில் பிள்ளையின் நாத் தடுமாறினால் நாம் சிரிக்கலாகாது. ஊரைவிட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்து, வேற்றுமொழிப் பள்ளியில் படித்து, வேற்றுமொழித் தோழரோடு விளையாடி, அதற்குப் பின்னும் தமிழில் பேச ஒரு பிள்ளை மேடையேறுகிறது எனின், அதுவே பெருஞ்செயல். அது தடுமாறும் கணத்தில் நாம் காக்கும் அமைதியே அதற்கு நாம் கற்பிக்கும் தமிழ்.

சிறுவர் சிறுமியரே! உங்களுக்கும் ஒரு சொல். பெரிய வேடம் கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். இவ்வாண்டு கட்டியக்காரனாக வருபவர் அடுத்த ஆண்டு அரசனாக வரலாம். அரசனாக வந்தவர் படுதா இழுக்கலாம். மாதவி சிவனாகவும் ஆடினாள், உழத்தியாகவும் ஆடினாள்.

சென்ற ஆண்டின் சோழ மன்னன் இன்று இங்கே வந்திருக்கிறான். கடைசி வரிசையில், கதவருகே அமர்ந்திருக்கிறான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டா. நடிக்க மாட்டேன், ஆனால் படுதாக் கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று நம்மிடம் கூறினான். மகிழ்ச்சியோடு இசைந்தோம். கயிற்றைப் பிடித்து நிற்பவனுக்கு நாடகம் முழுவதும் செவியில் விழும். ஒவ்வொருவர் எப்போது வருவார், எந்தச் சொல்லில் போவார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். நடிப்பவர் தம் வசனத்தை அறிவர்; படுதா பிடிப்பவன் எல்லார் வசனத்தையும் அறிவான்.

அவன் மீண்டும் திரைக்கு முன் வருவானோ, மாட்டானோ, அது அவன் விருப்பம். வரும் நாளில் அவனுக்குச் சொல்லும் சொந்தமாயிருக்குமாறு செய்வது நம் கடமை. அக்கடமையை இன்று மாலை ஆறு மணிக்கு, இதே கூடத்தில் தொடங்குகிறோம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். நீங்களும் உடனிருந்து கதை கேளுங்கள்.